தொட்டி வாங்கிக் கொடுத்த பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் குவைத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கி வைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரே மடலை எழுதுகிறேன். தனித்தனியாகச் சொன்னால் ‘எங்க வீட்டைக் குறை சொல்ல இவர் யார்?’ என்று ஒருவருக்காவது தோன்றும். பொதுவில் சொன்னால் அவரவர் வீட்டுக் கணக்கை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஊர் மானாமதுரைக்குக் கிழக்கே. முப்பது வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நான்கு வருடத்துக்கு முன் திரும்பி வந்தேன். இப்போது எங்கள் தெருவில் ஏணி ஏறத் தெம்புள்ள சிலரில் நானும் ஒருவன். அதனால் ‘அய்யா, தண்ணி வரல, கொஞ்சம் ஏறிப் பாருங்க’ என்று வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது கூப்பிடுகிறார்கள். ஏறி மூடியைத் திறந்து பார்த்ததில் கண்டதைத்தான் எழுதப் போகிறேன். முதலில் என் வீட்டுத் தொட்டியைச் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் அம்மாவுக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்துக் கொடுத்தேன். கொத்தனார், குழாய்க்காரர், மோட்டார் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ‘இனிமே நீ குடம் தூக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அன்றிரவே பஸ் ஏறினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவேன், இரண்டு நாள் இருப்பேன், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், குளித்துவிட்டுப் போவேன். ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை.

ஓய்வு பெற்று வந்த முதல் வாரம், குளியலறைக் குழாயில் ஒரு வாடை. ஏறிப் பார்த்தேன். தொட்டியின் மூடியைக் காணோம். எந்த ஆடிக் காற்று கொண்டுபோனதோ. அதற்குப் பதிலாக ஒரு தகரத்தை வைத்து, மேலே கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். தகரத்தை நகர்த்தினால் உள்ளே அடியில் நாலு விரல்கடைக்கு வண்டல். செத்து ஊறிய பல்லி ஒன்று. வெளிச்சம் பட்டதும் நீர்மட்டத்திலிருந்து துள்ளித் துள்ளிக் கீழே இறங்கிய கொசுப்புழுக்கள். வைத்த நாளிலிருந்து அந்தத் தொட்டியை யாரும் கழுவவே இல்லை.

இறங்கி வந்து, ‘இதையா இத்தனை வருஷமா குடிச்சுக்கிட்டு இருந்த?’ என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஏப்பா, அந்தத் தண்ணிய நான் ஒரு வாய் குடிச்சதில்ல. கொடம்னா வெளக்கலாம். அத யாரு ஏறி வெளக்குறது?” என்றார்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நாள் தவறாமல் தெருக்குழாய்க்குப் போய் இரண்டு குடம் எடுத்து வந்திருக்கிறார். நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லை. ‘நீ குடம் தூக்க வேண்டாம்’ என்று சொல்லி நான் பஸ் ஏறிய மறுநாளும் அவர் குடம் தூக்கியிருக்கிறார்.

‘கொடம்னா வெளக்கலாம்’ என்று அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தொட்டியும் ஒரு பாத்திரம். நம் வீடுகளில் தண்ணீர்ப் பாத்திரத்தைப் போலக் கழுவப்பட்ட பொருள் வேறு இல்லை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினோம். தவலையையும் அண்டாவையும் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். மானாமதுரைப் பானை வைத்திருந்த வீட்டில், பானையைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்துவிட்டு அடுத்ததில் ஊற்றுவார்கள். ஊருணித் தண்ணீர் கலங்கலாக வந்தால் பானையின் உட்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவார்கள். மண் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கும். வாயில் வெள்ளைத்துணி கட்டாமல் குடத்தில் ஊற்றுவது குற்றம் மாதிரி. இத்தனை ஒழுங்கோடு இருந்த வீட்டில், நூறு குடம் கொள்ளும் ஒரு பாத்திரத்தைக் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, அதைக் கட்டடத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டோம். சுவரைக் கழுவுவதில்லையே, அதுபோலத் தொட்டியையும் விட்டுவிட்டோம்.

பிளாஸ்டிக் தொட்டி என்றாலே நமக்கு ‘சின்டெக்ஸ்’தான். 1970-களில் குஜராத்தின் கலோலில் இருந்த ஒரு துணி ஆலை நிறுவனம் தொடங்கிய பிளாஸ்டிக் தொழிலின் பெயர் அது. இன்று எந்தக் கம்பெனித் தொட்டியானாலும் அதே பெயர்தான். கருப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் பாசி வளராது. வெள்ளைத் தொட்டி வாங்கினாலும் உட்பக்கம் கருப்பு அடுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் கருப்பு நிறம் பாசியைத் தடுக்குமே தவிர வண்டலைத் தடுக்காது, பல்லியைத் தடுக்காது, கொசுவையும் தடுக்காது. அதெல்லாம் மூடியின் வேலை, வலையின் வேலை, கழுவுகிற கையின் வேலை.

அடுத்து ஒரு கணக்கு. பிள்ளைகள் தொட்டி வாங்கும்போது பெரிதாகத்தான் வாங்குகிறார்கள். ‘அம்மா கஷ்டப்படக் கூடாது, ரெண்டாயிரம் லிட்டரா போடுங்க’ என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாசத்தை லிட்டரில் அளக்கிறோம். நானும் அளந்தவன்தான். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. வீட்டில் இருப்பது அம்மாவும் அப்பாவும் மட்டும் என்றால் நாளைக்கு 110 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பினால் தீர ஒன்பது நாள் ஆகும். இரண்டாயிரம் என்றால் பதினெட்டு நாள். ஆனால் தீரும்வரை யாரும் விடுவதில்லை. பாதி குறைந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர், அதன் மேல் இன்னும் புதுத் தண்ணீர். அடியில் கிடப்பது எந்த மாதத்துத் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

இந்த ஒன்பது நாளில் என்னென்ன நடக்கிறது? ஊராட்சித் தொட்டியில் கலந்துவிடும் குளோரின், நம் வீட்டுக் கருப்புத் தொட்டியின் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அதற்குமேல் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர, நம் ஊர்ச் சூட்டில் ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள். ஆக, இரண்டு பேருக்கு ஆயிரம் லிட்டர் என்பது குளோரின் போவதற்கும் போதுமான காலம், கொசு வளர்வதற்கும் போதுமான காலம். பெரிய தொட்டி என்றால் பழைய தண்ணீர் என்று அர்த்தம்.

‘தண்ணீர் வராத நாளுக்கு என்ன செய்வது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பக்கத்துக்குத் திருச்சி அருகே காவிரியில் எடுத்த தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. வழியில் எங்காவது உடைந்தால் நான்கைந்து நாள் வராது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் புகைந்தால் ஒரு வாரம். சேமிப்பு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சேமிப்பை இரண்டாகப் பிரியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆகிற நல்ல தண்ணீருக்குச் சிறிய தொட்டி போதும்: இரண்டு பேருக்கு 300 லிட்டர், நான்கு பேருக்கு 500. துவைக்க, மாட்டுக்கு, கழிவறைக்கு என்று புழங்குகிற உப்புத் தண்ணீருக்குப் பெரிய தொட்டி இருக்கட்டும். இரண்டும் ஒரே குழாயில் கலக்கக் கூடாது. முடிந்தால் நல்ல தண்ணீருக்கே சிறிய தொட்டி இரண்டு. ஒன்று புழக்கத்தில் இருக்கும்போது மற்றொன்றைக் கழுவிக் காயவிடலாம். பானையைக் கவிழ்த்துவைத்த அதே முறைதான்.

கொசுவைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர், போன ஐப்பசியில் டார்ச் லைட்டோடு வீடுவீடாக வந்த டெங்கு தடுப்புப் பணியாளர் ஒரு பெண். தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் கூடவே போனேன். ஒரு வீட்டில் புழு இருந்த தொட்டியைக் காட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டால் போதுமா என்று கேட்டேன். “போதாது சார், தேய்க்கணும்” என்றார். அந்தக் கொசு தண்ணீரின் மேல் முட்டை போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரை வெளியேற்றினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். அதனால்தான் தொட்டியானாலும் டிரம்மானாலும் கல்தொட்டியானாலும், தண்ணீர்க் கோடு தெரிகிற இடத்தைப் பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். அவர்கள் ஊற்றிவிட்டுப் போகும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும். தேய்க்கிற வேலையை அது செய்யாது.

இந்தக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நம் வீட்டு நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது. கடிப்பதும் பெரும்பாலும் பகலில். 2017-இல் தமிழ்நாட்டில் டெங்கு என்று உறுதியானவர்கள் மட்டும் 23 ஆயிரத்துக்கு மேல். அந்த வருடம் ஊர் ஊராகச் சந்தியில் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோம். ஆனால் அந்த அண்டாவுக்கு நேர் மேலே, மாடியில் மூடியில்லாத தொட்டி இருந்ததை நாம் பார்க்கவில்லை.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். அவர்களுக்குப் பெரிய தலைவலி பூட்டிய வீடு. கட்டிவிட்டு வெளிநாடு போனவர்கள், பெற்றோர் காலமான பின் வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கும்பிட வருகிறவர்கள் என்று தெருவுக்கு ஒரு வீடாவது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே மாடியில் அரைத்தொட்டித் தண்ணீர். யாரும் ஏற முடியாது, மருந்து ஊற்றவும் முடியாது. கொசு வளர இடம் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸை எந்தக் கதவில் ஒட்டுவது? பூட்டிவிட்டுப் போகிறவர்கள் போகும் அன்று தொட்டியை முழுக்க வடித்து, துடைத்து, மூடியை இறுக்கி, வடிகுழாயைத் திறந்துவைத்து, அதன் வாயில் வலை கட்டிவிட்டுப் போங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

இப்போது உயரத்தைப் பற்றி. எழுபது வயது அம்மாவால் கழுவ முடியாத இடத்தில் தொட்டியை வைத்தது யார்? நாம்தான். மாடிக்குப் படி இல்லாத வீட்டில், மூங்கில் ஏணி சாய்த்து ஏறவேண்டிய உச்சியில் வைத்தோம். சமையலறைக் குழாய்க்கும் குளியலறை வாளிக்கும் அவ்வளவு உயரம் தேவையே இல்லை. தரையிலிருந்து ஆறடி மேடை கட்டி அதன் மேல் வைத்தால், மூன்றடி உயரத்துக் குழாயில் தண்ணீர் தாராளமாக வரும். ஷவருக்கும் வாஷிங் மெஷினுக்கும்தான் உயரம் கேட்கும். அம்மா ஷவரில் குளிப்பதில்லை. நாம் வந்து குளிக்கும் இரண்டு நாளுக்காக அவரை 363 நாள் ஏணிக்குக் கீழே நிற்கவைத்திருக்கிறோம்.

மாடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை. பழைய காரைக் கட்டடத்தின் நடுவில் வைக்காதீர்கள், சுமை சுவரின் மேல் இறங்கும்படி வையுங்கள். தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமமான தளத்தில் படிய வேண்டும். நாலு கல்லை அண்டக்கொடுத்து வைத்தால் நடுவில் தொய்ந்து சில வருடத்தில் வெடிக்கும். வாங்கும்போது ஐ.எஸ். 12701 என்ற தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

குழாய்க்காரரிடம் நீங்கள் கேட்டுச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எல்லாத் தொட்டியிலும் வீட்டுக்குப் போகும் குழாயை அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளித்தான் மாட்டுவார்கள். அது சரிதான், வண்டல் குழாய்க்குள் வராது. ஆனால் அந்த வண்டல் போக வழி எங்கே? பல வீடுகளில் வடிகுழாயே கிடையாது. அடியோடு ஒட்டி ஒரு வடிகுழாய் போட்டு, அதைச் சுவரோரமாகத் தரைவரை இறக்கி, இடுப்பு உயரத்தில் ஒரு கேட் வால்வு மாட்டச் சொல்லுங்கள். குழாயும் வால்வும் தொட்டியின் விலையோடு பார்த்தால் சிறு தொகைதான். வாரம் ஒருமுறை அம்மா நின்ற இடத்திலிருந்தே அரை நிமிடம் திறந்துவிட்டால் அடிமண் கலங்கலாக வந்து விழும். முற்றத்து வாழைக்குப் போகட்டும். கழுவுகிற வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும். நிரம்பி வழிகிற குழாயின் வாயிலும் காற்றுக் குழாயின் வாயிலும் நைலான் வலை கட்டி, கம்பி சுற்றச் சொல்லுங்கள். மூடி நன்றாக இருக்கிற தொட்டியிலும் கொசு போவது அந்த வழியாகத்தான். மூடியைத் தொட்டியோடு ஒரு கயிற்றால் கட்டிவைத்தால் ஆடிக் காற்று கொண்டுபோகாது.

தொட்டிக்கு வருமுன்பே தண்ணீர் கெடுகிற இடமும் உண்டு. தெருக்குழாயில் வேகம் இல்லை என்று வாசலில் இரண்டடி குழி தோண்டி, குழாயைக் குழிக்குள் இறக்கிவைத்திருக்கிறோம். மழை பெய்தால் குழி நிறையும். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் வெறுமையாகும்போது அந்தக் குழித் தண்ணீரை உள்ளே இழுக்கும். நேரடியாகக் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவது அதைவிட மோசம். வழியில் எங்கெல்லாம் கசிவு இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். மேட்டுத் தெருக்காரர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. அது சட்டப்படியும் தப்பு, அண்டை வீட்டாருக்குச் செய்கிற அநியாயமும்கூட. உங்கள் வீட்டில் அப்படி ஒரு மோட்டார் இருந்தால் அடுத்த முறை வரும்போது கழற்றிவிடுங்கள்.

இனி, கழுவுகிற முறை. பெரிய வித்தை இல்லை, ஒரு காலை வேலை.

இரண்டு நாள் முன்பிருந்தே மோட்டார் போடாமல் தண்ணீரைப் புழங்கித் தீர்த்துவிடுங்கள். நல்ல தண்ணீரைக் கொட்டி வீணாக்க வேண்டாம். ஏறுமுன் மோட்டார் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடி வைத்த நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலில் அழுக்கு ஒட்டும். சோப்புத்தூள் வேண்டாம். மேலிருந்து கீழாகத் தேய்த்து வாருங்கள். மூடியின் உட்பக்கத்தையும் நீர்க்கோட்டையும் மறக்க வேண்டாம். அடிமண்ணை மக்கில் அள்ளி, மிச்சத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு தடவை அலசுங்கள்.

பிறகு தொட்டியை நிரப்பி, 500 லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் திறந்து, குளோரின் வாடை வரும்வரை விட்டு மூடுங்கள். குழாய்க்குள் ஒட்டியிருப்பதும் சாகட்டும். அந்த ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். குடிக்க இரண்டு குடம் தனியே எடுத்துவைத்திருங்கள். மறுநாள் காலையில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். வடிக்கிற தண்ணீரை மாட்டுத்தொட்டிக்கும் செடிக்கும் விட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கறை போகவில்லை என்று கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தொட்டிக்குள் தலையைவிட்டு நிற்கிறவருக்கு அது எமன். தரைக்கடியில் சம்ப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூடியே கிடந்த சம்பில் காற்று கெட்டிருக்கும். மூடியைப் பல மணி நேரம் திறந்துவைத்து, மின்சாரத்தை முழுக்க நிறுத்தி, மேலே ஓர் ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒழிய யாரும் இறங்கக் கூடாது. அப்பாவை இறக்கவே கூடாது. மேலிருந்தே நீளப் பிரஷால் தேய்த்து, மோட்டார் வைத்து இறைத்துவிடுவது நல்லது.

நாள்தோறும் குடிக்கிற தண்ணீர் தொட்டியிலிருந்துதான் வருகிறது என்றால், நிரப்பும்போது 500 லிட்டருக்கு 2 கிராம், ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி, பிளீச்சிங் பவுடரை அதே மாதிரி கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றிவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் புழங்கலாம். டப்பா திறந்து பல மாதம் ஆன பவுடரில் வீரியம் இருக்காது, சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற சிறு பெட்டி ஊராட்சித் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கும். மஞ்சள் நிறம் வந்தால் இருக்கிறது என்று அர்த்தம். கேட்டால் வந்து பார்த்துச் சொல்வார். குழந்தை இருக்கிற வீட்டிலும், உடம்பு முடியாதவர் இருக்கிற வீட்டிலும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். ஆறிய தண்ணீரில் கைவிட்டு மொள்ளாமல் நீளக் கைப்பிடி வைத்த குவளையில் எடுக்க வேண்டும். தொட்டியைக் கழுவிவிட்டுக் குடத்தில் கைவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

உங்களில் சிலர் மனசில் ஓடுவது தெரிகிறது. ‘ஆள் வச்சுக் கழுவிக்கச் சொல்லி ஜி-பேயில பணம் போட்டுடறேன்.’ போடுங்கள், தப்பில்லை. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வதைவிட அது மேல். ஆனால் கூலிக்கு வருகிறவர் எதைத் தேய்த்தார், எதை விட்டார் என்று கீழே நிற்கிற அம்மாவுக்குத் தெரியாது. ‘முடிஞ்சிருச்சு ஆத்தா’ என்றால் முடிந்தது. ஊராட்சித் தொட்டியில் கழுவிய தேதியைப் பெயிண்டில் எழுதிவைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நம் ஊர்த் தொட்டியில் தேதி பழையதாக இருந்தால் நாமே டீக்கடையில் நின்று ஊராட்சியைத் திட்டுகிறோம். நம் வீட்டுத் தொட்டியில் தேதி எழுதச் சொன்னால் என்ன எழுதுவோம்? நான் எழுதியிருந்தால் பன்னிரண்டு வருடத்துக்கு ‘2009’ என்றுதான் இருந்திருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எப்படி வருவது என்று மலைக்காதீர்கள். நீங்கள் வருகிற நாட்களையே எண்ணிப் பார்த்தேன். தையில் பொங்கலுக்கு வருகிறீர்கள். சித்திரையில் திருவிழாவும் பிள்ளைகளின் கோடை விடுமுறையும். ஆடியில் பதினெட்டாம் பெருக்கு. ஐப்பசியில் தீபாவளி. தை, சித்திரை, ஆடி, ஐப்பசி: ஒன்றுக்கு ஒன்று சரியாக மூன்று மாதம். போகிக்கு வீட்டையெல்லாம் கழுவுகிறோமே, அதோடு தொட்டியும் ஆகட்டும். சித்திரையில் கழுவினால் கோடைச் சூட்டுக்கு முன் பாசியும் வண்டலும் போகும். ஆடியில் ஏறினால் காற்றில் போன மூடி தெரியும். தண்ணீரைக் கும்பிடுகிற நாளில் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவுவது பொருத்தமும்கூட. ஐப்பசியில் கழுவினால் அடைமழைக்கும் டெங்குவுக்கும் முன்னால் ஒரு காவல். வெளிநாட்டில் இருப்பவர்களால் நான்கு முறையும் வர முடியாது. அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருமே இல்லாத வீடு என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். ஏணி இருக்கிறது, முழங்கால் இன்னும் வணங்குகிறது.

என் வீட்டில் அந்த ஆயிரம் லிட்டர் தொட்டி இப்போது மாட்டுக்கும் துவைப்புக்கும் என்று ஆகிவிட்டது. சமையலறைக்குப் பின்னால் ஆறடி மேடையில் 300 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். மேடைக்கு மூன்று படி, பிடித்து ஏற ஒரு கம்பி. வடிகுழாய் வால்வு அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில். வெள்ளிக்கிழமை தோறும் அவரே திறந்துவிடுகிறார். கழுவி முடித்ததும் தேதியைச் சாக்பீஸால் தொட்டி மேல் எழுதுகிறேன். முதல் ஆறு மாதம் அப்போதும் தெருக்குழாய்க்கே போய்க்கொண்டிருந்தார். நான் ஏறித் தேய்ப்பதை ஒவ்வொரு தடவையும் கீழே நின்று பார்ப்பார். மூன்றாவது முறை கழுவிய மறுநாள், குடத்தைக் கவிழ்த்துத் திண்ணையில் வைத்துவிட்டு, சமையலறைக் குழாயில் ஒரு செம்பு பிடித்துக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வருகிற தீபாவளிக்கு வரும்போது, பலகாரத்துக்கு உட்காருமுன் ஒரு தடவை மேலே ஏறி மூடியைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரில் ஏணி வைத்திருக்கும் அண்ணன்